திரைக்கு ஒருவர்

“நான் இந்தத் திரைக்குள்ள இருக்கேனா, வேற ஊர்லேருந்து தெரியறேனா மாமி?” என்று மாடிவீட்டு ஆரிஃப் ஒருமுறை பாக்கியமேரியிடம் கேட்டான். ஒன்பது வயதில் இறந்துபோன பிள்ளை. இறந்தவர்கள் எங்கோ ஒரு சர்வரில்தான் ஓடினார்கள். வீட்டுத் திரையில் அவர்களுடைய ஜன்னல் திறந்திருக்கும் வரை இருப்பார்கள்; மூடினால் அங்கேயும் முடிந்துபோவார்கள். வீட்டுக்கு ஒரு திரை, திரைக்கு ஒருவர்; வேறொரு திரை காலியாக இருந்தால் அதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

மேரியின் திரையில் அவள் கணவர் அந்தோணி பதினொரு வருஷமாக இருந்தார்.

நேற்று ஆரிஃபின் தாய் ரைஹானாவை அடக்கம் செய்தார்கள். இன்று நாலு மணிக்கு வீட்டு உரிமையாளர் மாடியில் மின்சாரத்தை நிறுத்தப்போகிறார். மேரி எட்டிப் பார்த்தபோது, “உம்மா எங்க மாமி?” என்றான் ஆரிஃப்.

அவள் கீழே வந்து அந்தோணியிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“ஆரிஃப் உயிரோட இருந்தப்ப வந்த வெள்ளத்துல நம்ம திரை முழுகினப்போ ரைஹானாதானே எனக்கு இடம் குடுத்தா?” என்றார் அவர். “அதுக்கு யாரை மூடினா, தெரியும்ல?”

“தெரியும். அவ வாப்பாவை.”

“அப்புறம் என்ன யோசனை? செத்தும் உன்கிட்ட பதினொரு வருஷம் திட்டு வாங்கிட்டேன், போதும்டி.”

மேரிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் நெற்றியில் விரலால் சிலுவை வரைந்தாள். ஜன்னலை மூடினாள்.

சற்று நேரத்தில் அதே திரையில் ஆரிஃப் தெரிந்தான். “அந்தோணி மாமா எங்க?”

“ஊருக்குப் போயிருக்காரு ராசா,” என்று சொல்லி, நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.