ஃபால்கனின் பின்கதவு

விற்பனைக்கு நின்ற ஃபால்கன் காரின் பின் இருக்கையில் ஏறிப் பார்த்த கமலினிக்கு உள்ளிருந்து கதவைத் திறக்க முடியவில்லை.

சிவபாலன் ஓடிவந்து வெளியிலிருந்து திறந்துவிட்டார்.

“சைல்ட் லொக் போட்டிருக்கு, பிள்ளை. மகள் ஒரு குரங்கு. ஓட்டோ நிக்க முதலே குதிக்கிறவள்.”

“அப்ப எங்கட குரங்குக்கும் சரி, அங்கிள்.”

அவளுடைய நான்கு வயது யதுஷன் இருக்கையில் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தான்.

டண்டினொங்கில் அவர் குடியிருந்த பின்தெருவுக்கு, காரை வாங்கவென்று இதற்குமுன் இரண்டு பேர் வந்திருந்தார்கள். இருவருக்கும் எஞ்சின் மட்டும்தான் வேண்டும், மிச்சத்தை நசுக்கிவிடுவார்களாம். சிவபாலன் கொடுக்கவில்லை. பிள்ளை இருக்கிற வீட்டுக்குத்தான் போகவேண்டும் என்று காத்திருந்தார்.

குடும்பக்காரன் என்றால் ஃபால்கன்தான் வாங்கவேண்டும் என்று, கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் பத்து வருடத்துக்கு முன் சொல்லியிருந்தார். அறுபதுகளில் அவருடைய தகப்பன் முதல் ஃபால்கனில் ஐந்து பிள்ளைகளையும் அடைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவாராம்.

கமலினி இருக்கையைத் தடவிப் பார்த்தாள்.

“பின் சீற் புதுசு மாதிரியே இருக்கு. மகளுக்கு எத்தனை வயசு?”

“எட்டு.”

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். சொன்னபின் குனிந்து டயரைப் பார்த்தார்.

கமலினி எலுமிச்சம்பழம் கொண்டுவர மறந்திருந்தாள். அவரே நான்கு வாங்கி வைத்திருந்தார். சில்லுக்கு ஒன்றாக வைத்து, கண்ணை மூடி, யதுஷன் பேரைச் சொல்லிக் கும்பிட்டார்.

“ஒருநாள் மகளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. இதிலேயே ஒரு சுத்துப் போவம்.”

“ஓம், பிள்ளை.”

பழங்கள் நசுங்க, கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது.

எட்டு, ஊரைவிட்டு அடைக்கலம் தேடி அவர் படகேறிய அன்று மகளுக்கு இருந்த வயது.

காரை வாங்கிய அன்றே அந்தப் பூட்டைப் போட்டுவிட்டார். மறுவருடம், 2016இல், இந்த நாட்டில் கடைசி ஃபால்கனைச் செய்து தொழிற்சாலையை மூடினார்கள். அதே வாரம் அவருடைய அகதி விண்ணப்பத்தை மறுத்த கடிதமும் வந்தது. அன்றிலிருந்து தற்காலிக விசா. அவளைக் கூப்பிட முடியாது. அவர் போனால் திரும்பி வரமுடியாது.

கார் போன அன்று பின்னேரம் இரண்டரை மணிக்கு வேட்டி கட்டி, திருநீறு பூசி, கைபேசியைக் குசினி மேசையில் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்துவைத்தார்.

திரையில், கிளிநொச்சியின் கலியாண மண்டப வாசலில், பூச்சரம் கட்டிய கார் வந்து நின்றது.

பட்டுச் சேலையில் இருந்த மகள் குதிக்கவில்லை.

அவருக்குத் தெரியாத யாரோ ஒருவர் வந்து கதவைத் திறக்கும்வரை, தலை குனிந்தபடி உள்ளேயே இருந்தாள்.