சத்தம் மட்டும்

உள்ளே மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். "வாயைத் தொற. இல்லேன்னா அப்பாகிட்ட சொல்லிடுவேன்" என்று பொம்மையை மிரட்டினாள்.

அவன் அறை வாசலிலேயே நின்றுவிட்டான். கட்டிலில் மனைவி. அவள் மடியில் கம்ப்யூட்டர், திரை முழுக்கக் கறுப்பு. சிரிப்பு அதிலிருந்துதான் வந்தது. மகள் பால்கனியிலிருந்து விழுந்து வருஷம் ஒன்று ஆகப்போகிறது.

இருண்ட திரையில் மனைவியின் விரல் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக மெல்ல ஊர்ந்தது. தூசி துடைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். நாற்காலி இழுபடும் சத்தம் தொடங்குவதற்குள் மூடிவிட்டாள். எப்போதும் அந்த இடத்தில்தான் மூடுவாள்.

பால்கனிக் கேமரா அன்று மதியம் பதிந்தது அது; ஒரு பென் டிரைவில் மட்டும் இருந்தது. கேமரா கம்பெனி, படத்தைத் தன் சொந்த கோடெக்கில், தனக்கு மட்டுமே தெரிந்த முறையில், சுருக்கிப் பூட்டியிருந்தது. காசு கொடுத்து வாங்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அந்தப் பூட்டுக்குச் சாவி கூடவே வரும்; இலவச சிஸ்டத்தில் வராது. துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பிய மறுநாளே, பழையது தகராறு செய்கிறது என்று சொல்லி, வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் துடைத்து இலவச சிஸ்டத்தைப் போட்டான். அதன் பிறகு சத்தம் மட்டும் திறந்தது.

"ஒரு சிஸ்டத்துக்குக் குடுத்த லைசென்ஸ் இன்னொண்ணுக்குச் செல்லாது. கம்பெனிக்கு எழுதியிருக்கேன்" என்று மனைவியிடம் சொன்னான். இந்த லைசென்ஸ்களை வாங்குவதும் விற்பதும்தான் அவனுக்கு ஆபீஸில் வேலை. எல்லா சிஸ்டத்துக்கும் சாவி அங்கே இருந்தது. அவன் கேட்கவே இல்லை.

காரணம், துடைப்பதற்கு முன் அவன் அதை ஒருமுறை பார்த்துவிட்டான். மகள் நாற்காலியை இழுத்துக்கொண்டு போகிறாள். பின்னால், கதவோரம், அவன் நிற்கிறான். கையில் போன். கண் போனில். போலீஸிலிருந்து மாமியார் வரைக்கும் எல்லோரிடமும் அவன் சொன்னது, "குளிச்சிட்டிருந்தேன்."

அழித்திருக்கலாம். மகளின் குரலும் அதற்குள்ளேயே இருந்ததே.

காலிங் பெல் அடித்தது. மச்சினன். தோளில் பையோடு நுழைந்தவன் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

"மாமா, ஊருக்கெல்லாம் லைசென்ஸ் குடுக்கறீங்க, எங்க அக்காவுக்கு ஒரு படம் காட்ட முடியலையா? நல்லா இருக்கு கதை."

"அந்தக் கம்பெனிக்காரன் பதிலே போட மாட்டேங்கறான், மச்சான்."

"அவன் கெடக்கறான். என் கம்ப்யூட்டர்ல அந்தச் சமாச்சாரம் வாங்கும்போதே கூட வந்துச்சு." பையைப் பிரித்தான். "கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்துட்டான்னு நெனைக்காதீங்க. அக்கா எத்தனை நாளைக்குத்தான் இருட்டையே பார்த்துட்டு இருக்கும்? ஒரு தடவை புள்ள முகத்தைப் பார்த்தா ஆறும்."

"இப்ப வேணாம்டா. சாப்பிடு முதல்ல" என்றாள் மனைவி.

"அது ரெண்டு நிமிஷ வேலை, அக்கா."

சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டர் விரிந்தது. மச்சினன் அக்காவின் பென் டிரைவை எடுத்துச் செருகினான். ஒரு கணம் சின்ன சதுரமாகப் பால்கனிக் கம்பி தெரிந்தது. அத்தோடு திரை அணைந்தது.

"அட, சார்ஜ் போயிடுச்சு. வயரை வண்டியிலயே விட்டுட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டான் மச்சினன். "லிப்ட் வேற வேலை செய்யல. தோ, ஓடி வந்துடறேன்."

அவன் செருப்புச் சத்தம் படிகளில் இறங்கித் தேய்ந்தது. வீட்டில் இருவர் மட்டும். மனைவி தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே குழாய் ஓடத் தொடங்கியது.

அவன் பென் டிரைவைப் பிடுங்கினான். மூலையில் கிடந்த வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து அதில் செருகினான். அந்த ஒரு கோப்புதான். தொட்டதும் 'அழிக்கவா?' என்று கேட்டது.

இதைச் செய்தால் அவள் இனி அந்தச் சிரிப்பையும் கேட்கப்போவதில்லை. செய்யாவிட்டால், மச்சினன் ஏறி வந்த பிறகு, இந்த வீட்டில் யாரும் அவன் முகத்தில் விழிக்கப்போவதில்லை. விரல் பொத்தானின் மேல் நின்றது.

குழாய்ச் சத்தம் நின்றிருந்தது. ஈரமான கை ஒன்று அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"அழிக்காதீங்க."

அவன் திரும்பவில்லை. "நான்... அன்னைக்கு நான் குளிச்சிட்டு..."

"தம்பி வந்துடுவான்." அவள் பென் டிரைவை உருவி அவன் சட்டைப் பையில் போட்டாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "கோப்பு கெட்டுப்போச்சுன்னு அவன்கிட்ட நான் சொல்லிக்கறேன். நாளைக்கு ஆபீஸ்ல வெச்சு, படத்தை எடுத்துட்டு எனக்குச் சத்தத்தை மட்டும் பிரிச்சுக் குடுத்துடுங்க."

கீழே படிகளில் செருப்புச் சத்தம் ஏறத் தொடங்கியது. அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "படம்... வேணாமா உனக்கு?"

"நீங்க சிஸ்டத்தை மாத்தறதுக்கு முன்னாடியே நான் பார்த்துட்டேங்க."