எட்டு மணிப் பூட்டு

அன்று இரவு எட்டு மணிக்கு என் கணவர் வழக்கம்போல மகள் மகிழினியின் போனைப் பூட்டிவிட்டு, "போய்ப் படி" என்றார். மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார், வீடு திரும்பவில்லை.

அவர் மகள் போனில் போட்டுவைத்த பூட்டுச் செயலி மட்டும் ஓயவில்லை. அவர் இத்தனை நாள் மகளுக்குச் சொன்ன பதில்களைக் கற்றுவைத்துக்கொண்டு, அவர் குரலிலேயே பேசியது. அதை எடுத்துவிடச் சொல்லி செயலி நிறுவனத்துக்குப் போன் செய்தேன். அதற்கு அவரே கேமரா முன் முகம் காட்ட வேண்டுமாம்.

"செத்துப்போனவர் எப்படிம்மா முகம் காட்டுவார்?"

"புரியுது மேடம். சார் ஃப்ரீயா இருக்கும்போது காட்டச் சொல்லுங்க" என்றாள் போனை எடுத்த பெண்.

நேற்று இரவு எட்டரைக்கு மகிழினிக்குக் கல்லூரி நேர்காணல். பதிவு செய்த அவள் போனில் மட்டும்தான் நடக்கும்.

"அப்பா, ப்ளீஸ்ப்பா, ஒரு மணி நேரம்" என்று போனிடம் கெஞ்சினாள்.

"அம்மாகிட்ட கேளு" என்றது அவர் குரல்.

நான் என் போனில் அனுமதி கொடுத்தேன். 'அப்பாவின் ஒப்புதல் தேவை' என்று வந்தது. மறுபடி கேட்டாள். மறுபடியும் "அம்மாகிட்ட கேளு." உயிரோடு இருந்தபோதும் இதே கூத்துதான். நேரம் நெருங்கியது. அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன்.

"ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? பிள்ளை படிப்பு போகுது. திறந்து விடுங்க!"

போனிலிருந்து அவர் குரல் வந்தது.

"சரி, சரி. கத்தாதே."

திறந்துகொண்டது. மகிழினி கண்ணைத் துடைத்துக்கொண்டு நேர்காணலுக்கு உட்கார்ந்தாள்.

இன்றும் எட்டு மணிக்குப் பூட்டிக்கொண்டது. அறைக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

"அம்மா, வந்து அப்பாவைக் கொஞ்சம் திட்டும்மா."