அம்பு காட்டிய பக்கம்

அன்று தூறல் இருந்ததா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அம்பு இடப்பக்கம் காட்டியதில் சந்தேகமே இல்லை.

சந்துமுனையில் நின்று பெயின்டர் அந்தப் பலகையை இரண்டு முறை படித்தார். 'குடியை விட விரும்புவோர் கூட்டம். சனிக்கிழமை மாலை. அனைவரும் வருக.' கீழே சிவப்பில் ஓர் அம்பு, பாதி சேற்றில்.

எழுத்து சுமார்தான் என்று நினைத்துக்கொண்டார். பலகை எழுதுவதுதான் அவருக்குத் தொழில். பிறர் கைவேலையை அவர் ஒருநாளும் மெச்சியதில்லை.

அம்பு காட்டிய பக்கம் போனார். அங்கே அவருக்குப் பழகிய பார்தான் இருந்தது.

காலையில் மனைவி சண்டை போடவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. பெட்டியைக் கட்டி வாசலோரம் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"அந்தக் கூட்டத்துக்குப் போயிட்டு வந்து என் முன்னாடி ஊதிக் காட்டுங்க. வாடை வந்துச்சுன்னா நானும் பாப்பாவும் எங்கண்ணன் வீட்டுக்குக் கிளம்பிடுவோம்."

பார் வாசலில் பெயின்டர் தயங்கினார். ஒருவேளை கூட்டமே உள்ளேதான் நடக்கிறதோ என்னவோ. முள்ளை முள்ளால் எடுக்கிற வைத்தியமாக இருக்கலாம்.

மூலை மேசையில் நான்கு பேர் இருந்தார்கள். பஸ் டிரைவர் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"கூட்டத்துக்குத்தானே வந்தீங்க? உட்காருங்கண்ணே. நாங்களும் அதுக்கு வந்தவங்கதான்."

பொய்யில்லை. டிரைவரை வண்டியிலிருந்து இறக்கிவிட்ட வாரம் அவர் வந்தார். வாடிக்கையாளர் காதருகே கத்தி நடுங்கிய அன்று சலூன்காரர் வந்தார். வகுப்பறையில் தூங்கி விழுந்த வாத்தியார் அடுத்து வந்தார். நான்காவது ஆள் எதற்கு வந்தார் என்பதை அவரே மறந்துவிட்டார். எல்லோரும் சுத்தமான மனதோடு அம்பைப் பின்பற்றியவர்கள். வந்த இடத்தில் கால் வலிக்கிறதே என்று உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த இடத்தில் தாகம் எடுத்தது.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தவறுவதில்லை. வீட்டில் கூட்டத்துக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள்.

நிஜமான கூட்டம் நேர் எதிரே, சைக்கிள் கடை மாடியில். ஒருகாலத்தில் குடித்துத் திருந்திய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வாராவாரம் அங்கே நாற்காலிகளை விரித்துப் போட்டுக் காத்திருப்பார். அவர் வீடு பின்தெருவில். பின்படி வழியாகவே ஏறி இறங்குவதால் முன்பக்கப் பலகையை அவர் பார்த்ததே கிடையாது. யாரும் வராததைக் கண்டு, ஊர் திருந்திவிட்டது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாடி விளக்கு எரிவது மூலை மேசைக்குத் தெரியும். அந்தப் பக்கம் பார்த்து யாரும் நாற்காலி போட்டுக்கொள்வதில்லை.

சலூன்காரர் பெயின்டர் முன்னால் ஒரு கிளாஸை நிரப்பி வைத்தார். பெயின்டருக்கு நாக்கு ஊறியது. ஒரு வாய்தானே, ஊதினால் தெரியாது என்று மனசு வக்காலத்து வாங்கியது. கை மடியிலிருந்து மேசைக்கு ஏறியது.

அந்த நேரம் பார் முதலாளி வெளியே போய்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்தார். மூலை மேசையிலேயே கிடத்தி ஈரத்துணியால் துடைத்தார். ஊரில் அந்தப் பலகையைப் பராமரிக்கிற ஒரே மனிதர் அவர்தான். தன் சொந்தப் பலகையை அவர் துடைத்து யாரும் பார்த்ததில்லை.

"இதை வரைஞ்ச மகராசன் யாருன்னு தெரிஞ்சா ஒரு பாட்டில் வாங்கிக் கொடுக்கணும்யா" என்றார் டிரைவர். மேசையே சிரித்தது.

சேறு போனதும் அம்பின் வால் தெரிந்தது. நுனியில் பல்லி வால் போல ஒரு சுழி.

பெயின்டர் சிரிக்கவில்லை. அந்தச் சுழியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அதற்கு ஒரு பெயர் உண்டு. 'அப்பா அம்பு.' மகள் தான் வரைகிற படங்களிலெல்லாம் அதைக் காப்பியடிப்பாள்.

பலகை எழுதித் தரச் சொல்லித் தலைமையாசிரியர் ஆள் அனுப்பியது அரைகுறையாக நினைவுக்கு வந்தது. எழுதியது நினைவில் இல்லை. இதே மேசையில் வைத்துத்தான் எழுதியிருக்க வேண்டும். கைக்குப் பழகிய பக்கம் அம்பைப் போட்டிருக்கிறார்.

கிளாஸைத் தொடாமல் எழுந்தார். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். பலகை போகிறதே என்று டிரைவரும், டிரைவர் போகிறாரே என்று சலூன்காரரும் பின்னால் போனார்கள். மாடியில் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த தலைமையாசிரியர் திடுக்கிட்டு விழித்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

அம்பு இப்போது வலப்பக்கம் காட்டுகிறது. பெயின்டர் மாற்றி வரைந்ததில் சுழி கொஞ்சம் பெரிதாகிவிட்டது. டிரைவரும் சலூன்காரரும் மாடிக்குப் போகிறார்கள். சலூன்காரர் மட்டும் நடுவில் இரண்டு முறை வழி தவறினார். வாத்தியார் யோசித்துக்கொண்டிருக்கிறார். நான்காவது ஆளுக்கு மூலை மேசை விசாலமாகிவிட்டது. பார் முதலாளி சந்துமுனைப் பக்கமே பார்ப்பதில்லை. ஊர் கெட்டுப்போய்விட்டது என்று தலைமையாசிரியர் வருத்தப்படுகிறார்.

பெயின்டர் தினமும் சாயங்காலம் மனைவி முன்னால் நின்று ஊதிக் காட்டுகிறார். பெட்டியை அவள் இன்னும் பிரிக்கவில்லை. அதன்மேல் உட்கார்ந்துதான் மகள் வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.