கொள்ளுத்தாத்தாவின் தம்பி

எங்கள் ஊர்க் குடும்ப வரலாற்றுக் குழு ஞாயிறு காலையில் நூலகத்தின் பின்னறையில் கூடும். தபால்காரரும் தையல்காரரும் ஒரே கொள்ளுத்தாத்தாவுக்குச் சொந்தம் கொண்டாடிக் குடுமிப்பிடிச் சண்டை போடுவார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. கடைசியில் குழுவை நடத்தும் டீச்சரக்கா, சுவரிலிருந்த வம்சாவளி வரைபடத்தில் கொள்ளுத்தாத்தாவுக்குப் பென்சிலால் ஒரு தம்பியைப் போட்டு, தையல்காரரை அவருக்குக் கீழே சேர்த்தார்.

“உங்க ஆளு இவருதான். இடதுகைக்காரராம்,” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியும் வைத்தார். தையல்காரருக்கு வாயெல்லாம் பல்.

அடுத்த வாரம் அவர்தான் முதலில் பார்த்தார். அதே சுவரில் வருடக்கணக்காகத் தொங்கும் கொள்ளுத்தாத்தாவின் குடும்ப போட்டோவில், போன வாரம் வரை வெறும் தூண் மட்டுமே இருந்த ஓரத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டு நின்றார். இடதுகையில் கத்தரிக்கோல்.

“மூக்கப் பாருங்க, அப்படியே எங்கப்பா!” என்றார் தையல்காரர்.

அவர் போனதும், “பொய்ய வளர்க்க வேணாம், அழிச்சிடறேன்,” என்று அக்கா ரப்பரை எடுத்தார். நான் போட்டோவைப் பார்த்தேன். அந்த மனிதரின் சிரிப்பைக் காணோம். கத்தரிக்கோலை மார்போடு அணைத்திருந்தார்.

“பாவம்க்கா,” என்றேன்.

அக்காவும் பார்த்தார். ரப்பரை வைத்துவிட்டு, பென்சில் கோட்டின் மேலேயே பேனாவால் அழுத்தி எழுதினார்.

நாங்கள் நிமிர்ந்தபோது, போட்டோவில் அந்த மனிதர் தூணில் நிம்மதியாகச் சாய்ந்திருந்தார்.