குழாய் வாயில் சிவப்பு

"இன்னிக்குத் தெரிஞ்சிடும், ஏரியை நாறடிக்கறது யாருன்னு," என்றார் ஏரிக் குழுத் தலைவர். சொன்னது கூட்டத்திடம், பார்த்தது சலவைக்கடைக்காரரை.

தூர்வாரி, கரையை உயர்த்தி, நாணல் நட்ட பிறகு ஏரியில் தண்ணீர் நின்றது. நீர்க்கோழிகள்கூடத் திரும்பிவிட்டன. மழைநீர்க் குழாய் வந்து சேரும் மூலையில் மட்டும் நுரை பொங்கியது, மீன்கள் செத்து மிதந்தன.

யாரோ அந்தக் குழாயில் கழிவுநீரை விடுகிறார்கள். சலவைக்கடைதான் என்பது தலைவரின் முடிவு. நிரூபணமானால் கடையைப் பூட்டுவதென்று தீர்மானமே போட வைத்திருந்தார்.

கழிவு எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்க, குழாய் வரும் வழியிலுள்ள வீடு, கடைகளுக்கெல்லாம் போய்ச் சாயம் ஊற்றிவிட்டு வந்திருந்தார் பொறியாளர். "யார் வீட்டுக்குள்ள வேணும்னாலும் போம்மா, நான் பாத்துக்கறேன்" என்று தாராளமாக அனுமதி தந்தவர் தலைவர்தான்.

அவருடைய கைப்பேசி ஒலித்தது. மனைவி.

"ஏங்க, அந்த இஞ்சினியர் பொண்ணு வந்துட்டுப் போச்சு. நம்ம..."

"டீ குடுத்தியா? சரி, வை. இங்க தலைக்கு மேல வேலை."

அதற்குள் குழாய் வாயில் நுரை நிறம் மாறியது. முதலில் இளஞ்சிவப்பு, பிறகு ரத்தம் போல.

"வந்துடுச்சு பாருங்க," என்றார் தலைவர்.

சலவைக்கடைக்காரர் தலை கவிழ்ந்தது. "எங்க தண்ணி கழிவுத் தொட்டிக்குத்தான் போகுதுன்னு நெனச்சேன் ஐயா..."

"நெனச்சாராம். ஊர்த் துணியை வெளுத்துட்டு அழுக்கை எங்க தலையில கொட்டுவாராம்."

கூட்டம் சிரித்தது. பக்கத்தில் நின்ற மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல், சலவைக்கடைக்காரர் இடுப்பிலிருந்து கடைச் சாவியை எடுத்து நீட்டினார். "தெரியாம நடந்துடுச்சு. மன்னிச்சிடுங்க."

தலைவர் சாவியை வாங்கிக்கொண்டார்.

குழாய்ப் பக்கமிருந்து பொறியாளர் வேகமாகக் கரைமேல் ஏறி வந்தார். "அதை அவர்கிட்டயே குடுத்துடுங்க சார். கடையில நான் ஊத்தினது பச்சை."

கூட்டம் பொறியாளர் பக்கம் திரும்பியது.

"அப்ப சிவப்பு?" என்றார் தலைவர்.

பொறியாளர் தயங்கினார். தலைவரின் கைப்பேசி மறுபடி ஒலித்தது. அவர் எடுக்கவில்லை.

"உங்க வீட்டு பாத்ரூம்ல ஊத்தினது, சார்."