மூன்றாவது மாடி, மூலை வீடு

கலிபோர்னியாவின் சாயங்கால மூடுபனி குன்றின்மேல் ஏறுகிறது. பெரிய வீடுகளைத் துடைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நிற்கும் ஒஃபேலியா எதிர்மனையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. வரவிருந்த அடுக்குமாடி எவ்வளவு உயரம் என்று ஊராருக்குக் காட்ட நட்ட கம்பங்கள். அவற்றைச் சுற்றி ஆரஞ்சு வலை. காற்று புகும்போதெல்லாம் வலை மூச்சுவிடுவதுபோல் உப்பி அடங்குகிறது. மனைக்கு ஒரே வீடுதான் என்பது இந்த ஊர்ச் சட்டம். அடுக்குமாடி வேண்டாமென்று நேற்று ஊர்க்கூட்டம் முடிவுசெய்துவிட்டது. இங்கே வேலை செய்கிறவர்கள் ஓடைக்கு அந்தப்புறம், பக்கத்து ஊரின் கார் ஷெட்டுகளில் நெருக்கியடித்துப் படுக்கிறார்கள். ஒஃபேலியாவும் அவள் மகனும் அப்படித்தான். அவர்கள் ஷெட்டுக்கு ஜன்னல் கிடையாது. அதே ஷெட்டில் தடுப்புக்கு மறுபக்கம் குடியிருக்கும் ருத்திலியோதான் இப்போது கூலிக்கு ஏணியில் நின்று வலையை அறுக்கிறான். “என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?” “மூணாவது மாடி, மூலை. அதுதான் என் வீடுன்னு வச்சிருந்தேன்டா.” “பார்றா! எங்கிட்ட சொல்லாமலே குடிவந்துட்டியா?” “தெனமும் இங்க நின்னு அந்த ஜன்னலுக்குத் திரை மாட்டுவேன்.” அவன் சிரிப்பு அடங்குகிறது. மூலைக் கம்பத்தில் கத்தியை வைத்தவன் திரும்பிப் பார்க்கிறான். “அறுக்கட்டுமாக்கா? உள்ள யாரும் இல்லையே?” வலை மெல்ல உப்புகிறது. “ஒரு நிமிஷம் இருடா,” என்கிறாள், “பையன் உள்ள தூங்குறான், எழுப்பிக்கிறேன்.”